நீல வீரன் குனிய மாட்டான்

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவமனை ஆண்டு விழாக் குலுக்கலில் எனக்கு மிக்சிதான் விழும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விழுந்தது வீடியோ கேம் பெட்டி. மிக்சி கண் பிரிவு நர்சுக்குப் போயிற்று. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எங்க வீட்ல மூணு வாண்டு இருக்கு, இதைக் கொண்டு போனா ஒண்ணும் பள்ளிக்கூடம் போகாது. நீயே வெச்சுக்கோ" என்றுவிட்டாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்த அரைக்கிறது?" என்று கேட்டாள். அலமாரி மேல் வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

சும்மா கிடக்கிறதே என்று சாயங்காலம் டிவியில் மாட்டினேன். அம்மா வாக்கிங் போயிருந்தாள். பழைய விளையாட்டுகள் என்று ஒரு வரிசை. தள்ளிக்கொண்டே போனால் — அது இருக்கிறது. அதே காடு, அதே மரப்பாலம், ஓடிக்கொண்டே சுடும் அதே இரண்டு வீரர்கள். ஒருவனுக்குச் சிவப்புத் தொப்பி, ஒருவனுக்கு நீலம்.

ஆரம்ப இசை நாலு நொடி ஓடியிருக்கும், அணைத்துவிட்டேன். நாள் முழுக்க அடுத்தவர் காதுக்குள் சத்தம் விட்டு, கேட்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. என் காதில் விழுந்த ஒரு சத்தத்தை நானே பயந்து அணைத்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 7, சனி

ஆடினேன். சிவப்பு நான். நீலத்துக்கு ஆள் இல்லை.

புதுப் பெட்டியில் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாங்கள் ஆடிய காலத்தில் எதிரி எது, செடி எது என்று அண்ணன் சொன்னால்தான் தெரியும். இப்போது எதிரியின் பூட்ஸ் லேஸ்கூடத் தெரிகிறது. புதிதாக ஒரு வசதியும் வைத்திருக்கிறார்கள். செத்துப்போனால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், நடந்ததெல்லாம் பின்னோக்கி ஓடும். குழியில் விழுந்தவன் மேலே வந்து பாலத்தில் நிற்பான். ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எதுவரைக்கும் திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும்.

அண்ணனுக்கு எதுவரைக்கும் போக வேண்டும்? அவன் குளிர்சாதன லாரி ஓட்டினான். ஒரு நாள் காலை நெடுஞ்சாலை ஓரம், ஏரிப் பக்கம், லாரி மட்டும் நின்றது. கதவு பூட்டவில்லை. போன் இருக்கையில் கிடந்தது. ஏரியில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழு வருடம் முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

எங்கள் பழைய பெட்டியில் இரண்டாவது கன்ட்ரோலரில் கீழ் பட்டன் வேலை செய்யாது. நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டு அதை அவன் வைத்துக்கொள்வான். அதனால் நீல வீரனால் குனியவோ படுக்கவோ முடியாது. தரையோடு வரும் குண்டுக்கு எல்லோரும் படுத்துக்கொள்வார்கள், இவன் குதிப்பான். தரையில் ஊர்ந்து வருகிறவற்றை நான் முன்னால் ஓடிப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். வருடக்கணக்கில் இப்படியே ஆடினோம்.

இன்றைக்கும் பக்கத்தில் யாரும் இல்லாமலேயே முன்னால் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணி வந்திருந்தாள். தைக்கிற கம்பெனியில் இரட்டை ஷிப்ட் பார்த்த முகம். அவள் வருவதற்கு முன்பே பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்று கேட்டால் தெரியாது.

கையில் வக்கீல் கொடுத்த தாள்கள். அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டால்தான் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்களாம்.

"எதுக்குன்னு போடணும் அண்ணி?"

"தெரிஞ்சுகிட்டே கேட்காதே."

"இல்ல, உங்க வாயால சொல்லுங்க."

"அவர் இல்லைன்னு" என்றாள்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கும் மருந்துக் கடைக்காரர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு இது முன்பே தெரியும் போலிருக்கிறது. "நல்ல மனுஷன்டி. மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்தாக்கூட கையைக் கிழிக்காம ஓரத்தை மழுக்கித்தான் கொடுப்பார்" என்று சான்றிதழ் வேறு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பொணத்தைக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அம்மா என்னோடு சாப்பிடவில்லை. சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கு ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன்.

இந்தப் புது விளையாட்டில் இணையத்தில் ஒரு அறை திறந்து வைக்கலாம். எந்த ஊரிலிருந்தும் யாரும் பட்டியலைப் பார்த்து உள்ளே வந்து கூட ஆடலாம். அறைக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. என் விரல் தானாகவே அந்த மூன்று ஆங்கில எழுத்தை அடித்தது. கே, என், கே. பழைய பெட்டியில் ஜெயித்தால் பெயர் போட மூன்று எழுத்துக்குத்தான் இடம் கொடுக்கும். அவன் கொக்கு, நான் குட்டை, நடுவில் 'அண்ட்'டைச் சுருக்கி ஒரு 'என்'. என்ன அர்த்தம் என்று யார் கேட்டாலும் சொல்வதில்லை என்று ஒப்பந்தம்.

எங்காவது ஒரு ஊரில், ஒரு வாடகை அறையில் அவன் இந்தப் பட்டியலைப் பார்த்தால்? பார்க்க மாட்டான். தெரியும். ஆனாலும் அம்மா வாக்கிங் முடிந்து வரும்வரை திறந்து வைத்திருந்தேன்.

மார்ச் 11, புதன்

யாரோ ஒரு அவசரக்குடுக்கை வந்தான். பாலத்தில் விழுந்தான், விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். போய்விட்டான்.

மார்ச் 13, வெள்ளி

விளக்கைக்கூடப் போடாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. இருக்கட்டும்.

ஒருவர் வந்தார். பெயர் கிடையாது, 'விருந்தாளி' என்று மட்டும் காட்டியது. நீலத்தை எடுத்தார். பாலம் தாண்டினோம். சதுப்பில் தரையோடு குண்டு வந்தது. நான் படுத்தேன். நீலம் குதித்தது. மறுபடி குண்டு. மறுபடி குதித்தது. எவ்வளவு நெருக்கத்தில் வந்தாலும் குனியவில்லை. ஒரு தடவைகூட.

இந்தக் காலத்துக் கன்ட்ரோலரில் கீழ் பட்டன் வேலை செய்யும். குனியாமல் ஆட வேண்டிய அவசியம் உலகத்தில் யாருக்கு இருக்கிறது?

ஒருத்தனுக்கு.

மார்ச் 14, சனி

வந்தான். (வந்தார் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன்.)

மார்ச் 16, திங்கள்

இன்று ஒரு வயதான தச்சர் காது பார்க்க வந்தார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் பட்டனை அழுத்துங்க ஐயா" என்று சொன்னேன். நான் எதையும் விடுவதற்கு முன்பே அழுத்தினார். வேண்டுமென்றே சும்மா இருந்தேன். மறுபடி அழுத்தினார்.

"நான் இன்னும் சத்தமே விடலையே ஐயா."

"விடப் போறீங்கன்னு தெரிஞ்சுதும்மா" என்றார், ரொம்பத் தன்மையாக.

காது கேட்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறவர்கள் இப்படித்தான், மௌனத்துக்கே அழுத்துவார்கள். அதற்காகத்தான் எங்களுக்குச் சும்மா இருந்து பார்க்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது. நான் அப்படியில்லை. எனக்கு நிஜமாகவே தெரிகிறது. குனிய மாட்டேன் என்கிறானே.

மார்ச் 19, வியாழன்

கோட்டை வாசல் வரை போய்விட்டோம். உள்ளேதான் பெரிய எதிரி. அங்கே போவதற்கு முன்னால் அண்ணன் ஒரு வேலை செய்வான், கதவுக்கு முன்னால் நின்று இரண்டு குதி குதிப்பான். அதில் ஒரு பயனும் இல்லை. "உள்ளே இருக்கிறவனுக்கு நாம வந்துட்டோம்னு தெரியணும் இல்ல" என்பான். பிறகு நானும் குதிப்பேன். அது இல்லாமல் கதவைத் தாண்டியதே கிடையாது.

இன்று நான் கதவருகே சும்மா நின்றேன். வேண்டுமென்றேதான் நின்றேன், தச்சரிடம் நின்ற மாதிரி.

நீலம் வந்து கதவுக்கு முன்னால் நின்றது. இரண்டு குதி குதித்தது.

டிவி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து, "என்னடி ஆச்சு, கண்ணு ஏன் இப்படி இருக்கு?" என்றாள். தூசி என்றேன். நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

வக்கீல் போன் செய்தார். கையெழுத்து இந்த மாதத்துக்குள் வேண்டுமாம். போட மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போடலைன்னா அந்தப் பொண்ணு என்னடி பண்ணுவா? தாலியறுக்கவும் முடியாம, இன்னொருத்தனோட வாழவும் முடியாம?"

"அவன் வந்து நின்னா அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வந்து நிக்கட்டும். வாசல்லயே வெச்சு நாலு அறை விடறேன். ஆனா எனக்கு ஒரு முடிவு வேணும்டி. அவனைத் திட்டுறதா, கும்பிடுறதான்னு தெரியாம எத்தனை நாள் உக்காந்திருக்கிறது?"

அவளிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. இரண்டு குதி குதித்தான் அம்மா, அவன்தான், என்றா சொல்வது? டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள்.

மார்ச் 25, புதன்

இந்த விளையாட்டில் கூட ஆடுகிறவருடன் பேச முடியும். மைக்கை நான் தொட்டதே இல்லை. அவனும் தொடவில்லை. குரல் வந்து, அது வேறு யாருடைய குரலாகவோ இருந்துவிட்டால்? அது மட்டும் வேண்டாம்.

மைக் இல்லாதவர்களுக்கு நாலே நாலு சொல் வைத்திருக்கிறார்கள். வா. நில். நன்றி. மன்னிக்கவும். பட்டனை அழுத்தினால் தலைக்கு மேல் அந்தச் சொல் மிதக்கும்.

இன்று அருவியில் ஏறும்போது நீலம் நின்றுவிட்டது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு அதன் தலைக்கு மேல் வந்தது: மன்னிக்கவும்.

எதற்கு? ஒரு தவறும் நடக்கவில்லை, யாரும் சாகவில்லை. மறுபடியும் வந்தது: மன்னிக்கவும். மறுபடியும்.

டேய் கொக்கு. எங்கேடா இருக்கே. ஏழு வருஷம் கழிச்சு இதையா சொல்லுவே. பரவாயில்லடா, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன், எங்க இருந்தே, யார்கூட இருந்தே, எதுவும் கேட்க மாட்டேன் —

நான் ஒரே பட்டனைத்தான் திரும்பத் திரும்ப அழுத்தினேன். வா. வா. வா.

நீலம் சட்டென்று வெளியேறிவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணி வந்தாள். நிதானமாக எழுதுகிறேன், ஒன்றையும் விடாமல்.

முகம் தெளிந்து இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னதுதான் சரி. வக்கீல்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

'அவர்' என்றது மருந்துக் கடைக்காரரை. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "ஏம்மா? என்ன ஆச்சு?"

"உங்க பையன் இருக்கார் அத்தை."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி சொல்லிக்கொண்டே போனாள். அவள் தங்கியிருப்பது அவளுடைய அக்கா வீட்டில். அக்கா பிள்ளைகளிடம் ஒரு கேம் பெட்டி இருக்கிறதாம். பிள்ளைகள் நீச்சல் வகுப்புக்குப் போகிற நேரம் இவள் அந்தப் பழைய சுடுகிற விளையாட்டை ஆடுவாளாம், மனசு கேட்காத நாளில். என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போன அந்த வாரம் போட்டுப் பார்த்தாளாம். பட்டியலில் ஒரு அறை. அதன் பெயர், அண்ணன் ஜெயித்தால் போடும் மூன்று எழுத்து.

"அதுக்கு என்ன அர்த்தம்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், சொல்லவே மாட்டார். அவரைத் தவிர வேற யாருக்கு அது தெரியும்? தினமும் அவரோட ஆடறேன். மருந்துக் கடைக்காரருக்குச் சம்மதம் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டேன். 'வா'ன்னு கூப்பிட்டார். அவ்வளவு தடவை கூப்பிட்டார். எனக்கு அழுகை தாங்கல, அணைச்சுட்டேன்."

என் கை அவள் கைக்குள் இருந்தது. நான் அதை இழுக்கவில்லை.

அவள் எப்படிக் குனியாமல் ஆடுகிறாள் என்று மட்டும் கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அவள் இருந்த சந்தோஷத்தில் கேட்கவில்லை. "அதுவா? நீ படிக்கப் போன அப்புறம் அந்த நல்ல கன்ட்ரோலர் போயிடுச்சு. இருந்தது அந்த ஓட்டை ஒண்ணுதான். அதையே மாத்தி மாத்தி வெச்சுகிட்டு ஆடுவோம். குனியாம ஆடறது, கதவு முன்னாடி குதிக்கிறது எல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்" என்றாள்.

கல்யாணமானதும் அவன் அந்தப் பெட்டியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். அண்ணி அதைத் தொட்டிருப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவன் எனக்கு மட்டும் அண்ணன் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

அறையைத் திறக்கவில்லை. அம்மா வாக்கிங் போகவில்லை. பூஜை அறைக்கும் கூடத்துக்குமாக வீட்டுக்குள்ளேயே நடந்தாள். "நிஜமா இருக்குமாடி?" என்று கேட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

திறந்தேன். உடனே வந்துவிட்டாள். ஆடினோம். கதவுக்கு முன்னால் இரண்டு குதி குதித்தாள். நானும் குதித்தேன்.

சொல்லாமல் இருந்தால் என்ன? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அவளுக்கு அவன் கிடைக்கிறான். எனக்கும், தெரிந்துகொண்டேயாவது, கிடைக்கிறான். யாருக்கு என்ன நஷ்டம்?

நாளைக்கு இதைப் படித்தால் என்னையே எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 1, புதன்

வேலை முடிந்து வரும் வழியில் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். அவர் தலை நிமிரவில்லை. மாத்திரை அட்டையை வெட்டினார், வழக்கம்போல ஓரத்தை மழுக்கினார், கவரில் போட்டார். பிறகு, "அவங்க வீட்டுக்காரர் வந்துட்டாருன்னு சொன்னாங்க. ரொம்ப நல்லதுங்க. நல்லா இருக்காரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் ஒரு துளி விஷம் இருந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆடும் நேரத்துக்கு அண்ணி தங்கியிருக்கும் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே எப்படிச் சொல்வது என்று பத்து விதமாக யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை.

அவளே கதவைத் திறந்தாள். பின்னால் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அறைகளின் பட்டியல் திறந்திருந்தது. எங்கள் அறையின் பெயர் அதில் இல்லை.

"வா வா, உள்ள வா. கொஞ்சம் உக்காரு, இது அவர் வர்ற நேரம்" என்றாள்.

"இன்னைக்கு வர மாட்டார் அண்ணி."

"ஏன்?"

"நான்தான் இங்க நிக்கறேனே."

அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். மறுபடி என்னை. நான் மூன்று எழுத்துக்கும் அர்த்தம் சொன்னேன். இத்தனை வருடம் யாருக்கும் சொல்லாததை, வாசற்படியில் செருப்போடு நின்றுகொண்டு, ஏதோ முகவரி சொல்கிற மாதிரி சொன்னேன்.

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடியே மெல்லச் சோபாவில் உட்கார்ந்தாள்.

"அப்ப என்னை யாருன்னு நினைச்சே?" என்று கேட்டாள்.

"அவன்னு."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் இழவு விழுந்த இரண்டு பேர் மாதிரி, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதோம். செய்தி இப்போதுதான் வந்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஈரத் தலையோடு வந்து நின்று விழித்தார்கள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அந்தத் தாள் எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேன். வக்கீல்கிட்ட மறுபடி வாங்கணும்" என்றாள்.

"நான் வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி" என்றாள். வாக்கிங் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வர வழக்கத்தைவிட ரொம்ப நேரமாயிற்று.

ஏப்ரல் 9, வியாழன்

மருந்துக் கடைக்கு நானே போய்ப் பேசினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். "அவங்களுக்கு எவ்வளவு நாள் வேணும்னாலும் ஆகட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 18, வியாழன்

இன்று கோர்ட்டில் முடிந்தது. சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு எந்த வகையிலாவது அவரிடமிருந்து தகவல் வந்ததா என்று கேட்டார்கள். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றேன்.

வெளியே மரத்தடியில் மருந்துக் கடைக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஒதுங்கி நின்றார். பஸ்ஸில் வருவதாகச் சொன்னவரை அம்மாதான், "இடம் இருக்கு, முன்னாடி ஏறுங்க தம்பி" என்று டாக்சியில் ஏற்றினாள். நாங்கள் மூவரும் பின்னால் உட்கார்ந்தோம்.

பாதி வழியில் அம்மா என்னைக் கேட்டாள். "எந்தத் தேதி போட்டாங்க?"

லாரி நின்ற தேதியை எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லையாம், தீர்ப்பு வருகிற நாளையே இறந்த நாளாகப் போடுவதுதான் வழக்கம் என்று வக்கீல் சொன்னதைச் சொன்னேன். "இன்னைக்குத் தேதிதான்மா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின், யாரையும் பார்க்காமல், "அப்ப நேத்து வரைக்கும் இருந்திருக்கான்" என்றாள்.

முன் இருக்கையில் அவர் அசையாமல் சாலையைப் பார்த்தபடி இருந்தார். அண்ணி என்னைத் தாண்டிக் கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா அத்தை. நேத்து வரைக்கும் இருந்தார்" என்றாள்.